சர்நேம் இல்லாத ராஜகுமாரர்கள்

ஐரோலியில் எங்கள் செக்டர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பாஸ்போர்ட், பான் கார்டு, பென்ஷன் என எந்த விண்ணப்பமானாலும் நிரப்பித் தருவார்கள். மேற்படிப்புக்கு வெளிநாடு கிளம்பும் என் மகனோடு போன மாதம் அங்கே போய் உட்கார்ந்தேன். கீபோர்டில் மளமளவென்று தட்டிக்கொண்டிருந்த பையன் ஒரு கட்டத்தில் விரலை நிறுத்தினான்.

"ஆட்நாவ் காய்?"

குடும்பப் பெயர் என்ன என்கிறான். மராத்தி ஊரில் அது இல்லாத ஆளே கிடையாது. பாட்டீல், ஷிண்டே, கோலி என்று பிறக்கும்போதே ஒன்று ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தமிழனுக்கு இருப்பது ஓர் இனிஷியல், அதற்குப் பின்னால் ஒரு புள்ளி.

"அப்பா, உங்க பேரைப் போட்டுரவா?" என்றான் மகன்.

"போடு. ஆனா ஒண்ணு, போற எடத்துல எல்லாரும் ஒன்னை என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

பட்டறிந்து சொன்னதுதான். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் என் அப்பா ராமசாமி இருக்கிறார். அவர் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு ரயிலில் வந்தவர், விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் மும்பை ஏர்போர்ட் கவுன்டர்களில் இதுவரை நாற்பது தடவையாவது "மிஸ்டர் ராமசாமி" என்று அவரைக் கூப்பிட்டிருப்பார்கள். நான்தான் எழுந்து போவேன்.

இதே கட்டத்தில் சிக்கிய ஒரு ராஜா உண்டு. கிரீஸின் கடைசி மன்னர் இரண்டாம் கான்ஸ்டன்டைன். 1994இல் கிரேக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. முன்னாள் அரச குடும்பத்தின் சொத்துகள் அரசுக்கு. அவர்களுக்குக் குடியுரிமை வேண்டுமானால் குடியரசை ஏற்றுக்கொண்டு, எல்லாக் குடிமக்களையும்போல ஒரு குடும்பப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கான்ஸ்டன்டைன் சொன்ன பதில், எங்கள் குடும்பத்துக்குப் பெயரே கிடையாது என்பதுதான். சாதாரண ஆளுக்கு அது நொண்டிச் சாக்காகத் தோன்றலாம். உண்மையில் அவர் சொன்னது சரி. ராஜாக்களுக்கு நாட்டின் பெயர்தான் பெயர். நாடு போய்விட்டால் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டி கிரீஸுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் அவர். அதே மனிதர் கடைசியில் டென்மார்க் கொடுத்த ராஜதந்திர பாஸ்போர்ட்டில் உலகம் சுற்ற வேண்டியதாயிற்று.

இந்தக் குடும்பத்தின் கதையைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பதவி போன ஐரோப்பிய அரச வம்சங்கள் லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று ஒதுங்குவதுதான் வழக்கம். இந்த வம்சத்தில் மூன்று பேரை விதி சென்னைக்கு இழுத்து வந்தது. ஒருவர் இங்கே கல்யாணம் செய்துகொண்டு அரியணை உரிமையைச் சிக்கலாக்கிக்கொண்டார். மற்ற இருவரும், அவரைக் குடும்பத்துக்கு வெளியே நிறுத்திய தரப்பைச் சேர்ந்தவர்கள், எல்லாம் போன பிறகு அதே சென்னையில் மாணவர்களாக வந்து உட்கார்ந்தார்கள்.

இரவல் வாங்கிய ராஜா

1863இல் கிரேக்கர்களுக்கு ஒரு ராஜா தேவைப்பட்டார். இருந்தவரைத் துரத்தியாயிற்று. ஐரோப்பிய வல்லரசுகள் கூடிப் பேசி, டென்மார்க்கிலிருந்து பதினேழு வயதுப் பையனைப் பிடித்து அனுப்பின. அவர்தான் முதலாம் ஜார்ஜ். கிரேக்க ரத்தம் ஒரு சொட்டும் இல்லாத குடும்பம். அதனால்தான் இன்றும் அவர்கள் பட்டத்தில் "கிரீஸ் மற்றும் டென்மார்க்" என்று இரண்டு நாடும் சேர்ந்து வரும். டென்மார்க் என்றதும் நமக்குத் தரங்கம்பாடி கோட்டை ஞாபகம் வரும். அதை டேனிஷ்காரர்கள் 1845இலேயே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இது அதற்குப் பிறகு பட்டத்துக்கு வந்த கிளை.

அந்த அரியணையில் நிம்மதியாக உட்கார்ந்தவர் குறைவு. ஜார்ஜ் 1913இல் தெசலோனிக்கியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் முதலாம் கான்ஸ்டன்டைன் இரண்டு முறை முடியிழந்தார். பேரன் அலெக்சாண்டர் 1920இல் தோட்டத்தில் குரங்கு கடித்துச் செத்தார். கட்டுக்கதை இல்லை, சீழ் பிடித்து மூன்றே வாரத்தில் முடிந்துபோனது. 1924இல் குடியரசு. 1935இல் மறுபடி முடியரசு. பிறகு ஜெர்மானியர் படையெடுப்பு, நாடு கடந்த வாழ்க்கை, உள்நாட்டுப் போர், 1967இல் ராணுவப் புரட்சி. அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று ராணுவத்துக்கு எதிராகத் தானும் ஒரு புரட்சி செய்து பார்த்துத் தோற்ற இரண்டாம் கான்ஸ்டன்டைன், குடும்பத்தை அள்ளிக்கொண்டு ரோமுக்கு விமானம் ஏறினார். 1974 டிசம்பர் 8இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 69 சதவீத மக்கள் ராஜா வேண்டாம் என்றார்கள். கதை முடிந்தது.

முதலாம் ஜார்ஜுக்கு நிறையப் பேரன்கள். அவர்களில் மூன்று பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் பிலிப். கார்ஃபு தீவில் பிறந்து, 1922இல் பிரிட்டிஷ் போர்க்கப்பலில், ஆரஞ்சுப் பெட்டியைத் தொட்டிலாக்கிப் படுக்க வைத்து நாட்டைவிட்டுக் கொண்டுபோகப்பட்ட குழந்தை. 1947இல் எலிசபெத்தை மணப்பதற்காகப் பட்டத்தைத் துறந்தபோது அவருக்கும் அதே ஆட்நாவ் பிரச்சினைதான். தாய்வழியிலிருந்து ஒரு பெயரை எடுத்து மவுன்ட்பேட்டன் என்று எழுதினார். நம் கடைசி வைஸ்ராய் அவருக்குத் தாய்மாமன். இன்னொருவர் மைக்கேல். அவர் கடைசியில் வருவார். மூன்றாமவர் பீட்டர்.

ஒத்தக்கல் மந்தில் ஓர் இளவரசர்

பீட்டரின் அப்பா இளவரசர் ஜார்ஜுக்கே இந்தியத் தொடர்பு உண்டு. ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கோலஸ் ஆசியப் பயணம் வந்தபோது கூடவே வந்தவர் அவர்; 1890 டிசம்பரில் இருவரும் பம்பாயில்தான் இறங்கினார்கள். அதே பயணத்தில் ஜப்பானில் ஒரு போலீஸ்காரன் நிக்கோலஸை வாளால் வெட்ட, கையில் இருந்த மூங்கில் தடியால் அவனை அடித்து உயிரைக் காப்பாற்றியவர் ஜார்ஜ். அம்மா மேரி போனபார்ட், நெப்போலியனின் தம்பி வழிவந்தவர். மோன்டே கார்லோ சூதாட்ட விடுதியை வளர்த்தவரின் பேத்தி, அதனால் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர் பெயர் நிலைத்தது மனப்பகுப்பாய்வில். ஃப்ராய்டின் சிஷ்யை. 1938இல் நாஜிகள் வியன்னாவைப் பிடித்ததும், பிணைத்தொகைபோல அவர்கள் கேட்ட வரியைக் கட்டி ஃப்ராய்டை வெளியே கொண்டுவர உதவியவர்.

இப்படிப்பட்ட வீட்டில் 1908இல் பாரிஸில் பிறந்த பிள்ளை சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, லண்டனுக்குப் போய் மாலினோவ்ஸ்கியிடம் மானுடவியல் படிக்க உட்கார்ந்தது. எடுத்துக்கொண்ட பொருள், ஒரு பெண்ணுக்குப் பல கணவர்கள் என்னும் மணமுறை. 1937இல் ஒரு காரை எடுத்துக்கொண்டு சிரியா, ஈரான் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியாவுக்குக் கிளம்பினார். பக்கத்து சீட்டில் இரினா ஓவ்சின்னிகோவா. ரஷ்யப் புரட்சிக்குத் தப்பி வந்த பெண், இரண்டு முறை மணமாகி விவாகரத்தானவர். ஏதென்ஸ் அரண்மனை முகம் சுளிக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

லாஹுல் பள்ளத்தாக்கு, கண்டி, மலபார் என்று சுற்றிவிட்டு இருவரும் நீலகிரிக்கு வந்தார்கள். ஊட்டிக்கு அந்தப் பெயர் வரக் காரணமான தோடர்களிடம். ஒத்தக்கல் மந்து என்பதில் மந்து என்றால் அவர்களுடைய குடியிருப்பு. அப்போது அவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய அறுநூறு. கவிழ்த்த பீப்பாய்போல வளைந்த கூரை, குனிந்து தவழ்ந்து நுழையும் வாசல், கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்த வெள்ளைப் போர்வை, எருமைகளுக்காகவே ஒரு கோயில், அந்தப் பால்மனையில் கடுமையான நியமங்களோடு வாழும் பூசாரி. அந்நாள் வழக்கப்படி, அண்ணன் ஒருத்தியை மணந்தால் தம்பிகளுக்கும் அவள்தான் மனைவி. பாஞ்சாலியைத் தெய்வமாக்கித் தீமிதிக்கிற நாட்டில் இதைக் கேட்டு யாரும் மயக்கம் போட வேண்டியதில்லை. ஆனால் அவர்களோடு பழகிய வெள்ளைக்காரர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: அப்படியானால் குழந்தைக்கு அப்பா யார்?

அதற்குத் தோடர் வைத்திருந்த பதில் மிக அழகானது. 1906இல் வெளிவந்த தன் புத்தகத்தில் மானுடவியலாளர் ரிவர்ஸ் அதை விரிவாக எழுதியிருக்கிறார். பெண் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது உறவுக்காரர்கள் காட்டில் ஒரு மரத்தடியில் கூடுவார்கள். அடிமரத்தில் சின்னதாக ஒரு மாடம் செதுக்கி அதில் விளக்கேற்றி வைப்பார்கள். கணவன் புதருக்குள் போய்க் குச்சியை வளைத்து ஒரு வில் செய்வான். புல்லில் ஓர் அம்பு. கொண்டுவந்து அவளிடம் நீட்டுவான். அவள் கேட்பாள், உன் வில்லின் பெயர் என்ன? ஒவ்வொரு குலத்து வில்லுக்கும் ஒரு பெயர் உண்டு. அவன் தன் குலத்தின் வில் பெயரைச் சொல்வான். அவள் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மாடத்து விளக்கைப் பார்த்தபடி நிற்பாள். அவ்வளவுதான். அந்தக் குழந்தைக்கும் இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கும் அவனே அப்பா, வேறொருவன் வில் கொடுக்கும்வரை. அவன் செத்துப்போய்ப் பல ஆண்டு கழித்துப் பிறந்தாலும் அவன் பிள்ளைதான்.

வில்லின் பெயர் என்ன? ஜெராக்ஸ் கடைப் பையன் கேட்டதும் இதைத்தானே!

இதைக் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறப்பு ஒன்றைத் தவிர வேறெதையும் தகுதியாகக் கேட்காத குடும்பத்தில் வந்தவர். யாருக்கு யார் பிள்ளை, யார் யாரை மணக்கலாம், அந்த மணம் சமமானதா இல்லையா என்று நூற்றாண்டுகளாகக் கணக்குப் பார்த்தே வாழ்ந்த கூட்டம். அண்ணன் தம்பிகள் பிரிந்து சொத்து சிதறாமல் இருக்கப் பல்கணவர் முறை உதவியது என்று மானுடவியல்காரர்கள் சொல்வார்கள். ஐரோப்பிய ராஜாக்களுக்கும் அதே கவலைதான். மூத்த மகனுக்கு நாட்டைக் கொடுத்துவிட்டு, இளையவர்களைப் பட்டாளத்துக்கும் வெளிநாட்டுப் பெண்களுக்கும் தள்ளிவிடுவது அவர்கள் கண்ட வழி. என்னைக் கேட்டால், தோடர் வழியில் மனஸ்தாபம் குறைவு.

1939 செப்டம்பர் 3இல் பிரிட்டன் போரில் இறங்கியது. கிரீஸுக்கும் போர் வந்தால் கிரேக்க அதிகாரியான பீட்டர் எங்கே போவார், மணமாகாத, நாடற்ற ரஷ்யப் பெண்ணான இரினாவின் கதி என்ன? ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 9 அன்று, இருவரும் சென்னையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மன்னரின் அனுமதி வாங்கவில்லை. தேவாலயத் திருமணம் 1941இல் ஜெருசலேமில் நடந்தது. அப்பா இந்த மணத்தை ஏற்கவில்லை. அரியணை வரிசையில் பீட்டரின் இடம் போனது என்றது அரண்மனை. நான் எதையும் துறந்து கையெழுத்துப் போடவில்லையே என்றார் பீட்டர். இந்த வழக்கு அவர் சாகும்வரை தீரவில்லை.

போர் முடிந்ததும் மீண்டும் நீலகிரிக்கு வந்தார். தோடப் பூசாரிகளின் மந்திரச் சொற்களில் சுமேரியத் தெய்வங்களின் பெயர்கள் ஒளிந்திருக்கின்றன என்று அவருக்கு ஓர் எண்ணம் விழுந்தது. 1951இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் அதைக் கட்டுரையாகவே எழுதினார். தோட மொழியைக் கரைத்துக் குடித்த மொழியியலாளர் எமனோவோ அந்த மொழியைத் திராவிடக் குடும்பத்தின் பிள்ளையாகத்தான் காட்டினார். எழும்பூரில் சுமேரியாவைத் தேடிய கிரேக்க இளவரசர் என்று நினைக்கும்போது எனக்கு அவர்மேல் பிரியம்தான் வருகிறது. பிழை செய்தாலும் மலையேறிப் போய், உட்கார்ந்து கேட்டுவிட்டுச் செய்த பிழை.

அதன்பின் கலிம்போங். திபெத்துக்குள் போக அனுமதி கிடைக்காததால், 1950 முதல் எல்லையோர அந்த ஊரிலேயே டேனிஷ் ஆய்வுக் குழுவுக்காகத் தங்கினார். சீனப் படை நுழைந்த பிறகு திபெத்தியர்கள் மலையிறங்கி வர, திபெத்தே அவர் வாசலுக்கு வந்ததுபோல் ஆயிற்று. உடைகள், நகைகள், ஏடுகள் என்று வாங்கிக் குவித்து கோபன்ஹேகன் அருங்காட்சியகத்துக்கும் நூலகத்துக்கும் அனுப்பினார். ஆயிரக்கணக்கான திபெத்தியர்களின் தலை, மூக்கு, உயரம் எல்லாம் அளந்து எழுதினார். அந்தக் காலத்து விஞ்ஞானம் அப்படி. உளவாளிகள் மலிந்த ஊர் என்று டெல்லி கலிம்போங்கைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம் அது. வெளிநாட்டு இளவரசர், திபெத்திய அகதிகளோடு நெருக்கம், சீனாவோ அப்போது நமக்கு நண்பன். 1957இல் நாட்டைவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். சொந்த நாடு வெளியே தள்ளியது, தேடி வந்த நாடும் வெளியே தள்ளியது. இருபத்தைந்து ஆண்டு உழைப்பு 1963இல் பல்கணவர் முறை பற்றிய ஒரு தடித்த புத்தகமாக வந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

சேப்பாக்கத்தில் மகாராணி

இனி எதிர்த்தரப்பு. 1964 மார்ச்சில் மன்னர் பால் இறந்து, இருபத்து மூன்று வயதுக் கான்ஸ்டன்டைன் பட்டமேறினார். அவருக்கு அப்போது பிள்ளை இல்லை. 1952 அரசியல் சட்டம் பெண்களுக்கும் வாரிசுரிமை கொடுத்திருந்ததால், அடுத்த இடம் தங்கை ஐரீனுக்கு. பழைய வழக்கப்படி ஆண்வாரிசு மட்டும் என்று பார்த்தால் அடுத்த இடம் பீட்டருக்கு. பீட்டர் வாளாவிருக்கவில்லை. அந்த மாற்றமே செல்லாது, சட்டப்படி நான்தான் வாரிசு என்று பத்திரிகைக்காரர்களைக் கூட்டிச் சொன்னார். குடும்பத்தில் அவருடைய கோபமெல்லாம் ஒருவர்மீதுதான்: ஐரீனின் அம்மா, ராஜமாதா ஃப்ரெடரிகா. இரினாவை அரண்மனை வாசல் மிதிக்கவிடாதவர் அவரே என்பது பீட்டரின் குற்றச்சாட்டு.

ஃப்ரெடரிகா ஜெர்மனியின் கடைசிக் கைசருடைய மகள் வயிற்றுப் பேத்தி. கெட்டிக்காரி, பிடிவாதக்காரி, அரசியலில் மூக்கை நுழைப்பவர் என்று பெயர். 1963இல் லண்டன் போனபோது அரசியல் கைதிகளை விடுதலை செய்யச் சொல்லித் தெருவில் துரத்தியிருக்கிறார்கள். 1965இல் மகனுக்கும் பிரதமர் ஜார்ஜ் பாப்பாண்ட்ரூவுக்கும் மூண்ட சண்டைக்கு, அதன்வழி முடியாட்சியின் முடிவுக்கே, அவர்தான் காரணம் என்று திட்டும் கிரேக்கர்கள் இன்றும் உண்டு. முப்பதாண்டு கழித்து அந்தக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசின் தலைவர் ஆண்ட்ரியாஸ் பாப்பாண்ட்ரூ, அந்தப் பிரதமரின் மகன். நம் ஊர்ப் பங்காளிச் சண்டை தோற்றது.

இந்த ஃப்ரெடரிகாவுக்கு உள்ளே இன்னொரு ஆள் இருந்தார். அணு இயற்பியலில் ஆசை, பொருள் என்பது என்ன என்ற குடைச்சல். அது அவரை அத்வைதத்துக்குக் கொண்டுவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் உயராய்வு மையத்தை நடத்திக்கொண்டிருந்த டி.எம்.பி. மகாதேவன் அவருக்கு ஆசிரியர் ஆனார். காஞ்சிப் பெரியவரையும் தாயும் மகளும் தரிசித்திருக்கிறார்கள். நாடு போன பிறகு எழுபதுகளில் ஃப்ரெடரிகாவும் ஐரீனும் சென்னையில் வந்து தங்கிப் படித்தார்கள்.

ஐரீனின் பிறப்பே அலைச்சலில்தான். ஜெர்மானியருக்குத் தப்பிக் குடும்பம் தென்னாப்பிரிக்காவில் ஒதுங்கியிருந்தபோது 1942இல் கேப் டவுனில் பிறந்தவர். ஜீனா பக்காவர் என்ற பெரிய கலைஞரிடம் பியானோ கற்று மேடைகளில் வாசித்தவர். 1965 ஜூலையில் அண்ணனுக்குப் பெண் பிறக்கும்வரை, பதினாறு மாதம், ஒரு நாட்டின் அடுத்த வாரிசு. அக்கா சோஃபியா பின்னாளில் ஸ்பெயினின் ராணியானவர். இவர் மணமே செய்துகொள்ளவில்லை.

மயிலாப்பூர் மாமிகளுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது. கடல் கடந்து வந்து வேதாந்தம் கேட்பவர்களைச் சென்னை அன்னி பெசன்ட் காலத்திலிருந்து பார்த்துவருகிறது. எனக்கு ஆச்சரியம் வேறு. பெயரும் உருவமும் மாயை, எல்லாம் ஒன்றே என்று சொல்லும் ஒரு தத்துவத்தை, பெயரைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லாத ஓர் அரச குடும்பம் தேடி வந்து படிக்கிறது. அதுவும், தங்கள் வம்சத்துக்காரர் ஒருவர் கல்யாணம் செய்துகொண்டு தங்களுக்கு ஆகாதவராய்ப் போன அதே ஊரில். பாடத்தின் நடுவே எப்போதாவது பீட்டரின் நினைப்பு வந்திருக்குமா? பீட்டர் தன் பங்குக்கு, மலைமேல் எருமைப் பூசாரியிடம் அமர்ந்தபோது, அரண்மனையை நினைத்திருப்பாரா?

மூன்று பேரையும் மரணம் அடுத்தடுத்துக் கலைத்தது. 1980 அக்டோபர் 15இல் பீட்டர் லண்டனில் இறந்தார். புதைத்தது டென்மார்க்கில். நான்கு மாதம் ஆகவில்லை, 1981 பிப்ரவரி 6இல் ஃப்ரெடரிகா மாட்ரிட்டில் கண்ணில் செய்த ஒரு சிறு அறுவையின்போது மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். உடலை ஏதென்ஸுக்கு வெளியே டாடோய் தோட்டத்தில், கணவர் பக்கத்தில் புதைக்க வேண்டும். அரசு தயங்கித் தயங்கி அனுமதித்தது. மகன் கான்ஸ்டன்டைன் பதின்மூன்று ஆண்டு கழித்துச் சொந்த மண்ணை மிதித்தார், சில மணி நேரம். அம்மாவுக்கு மண் போட்டுவிட்டு அன்றே விமானம் ஏறிவிட வேண்டும் என்பது நிபந்தனை.

தனித்து விடப்பட்ட ஐரீன் சென்னை வாழ்க்கையை முடித்துக்கொண்டு மாட்ரிட்டில் அக்கா அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். 1986இல் ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கினார். ஐரோப்பாவில் பால் மிஞ்சிப்போய் மாடுகளை வெட்டச் சொன்ன காலம் அது. அந்த மாடுகளைக் காப்பாற்றி இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். கோமாதாவைக் கும்பிடும் ஊரில் இருந்துவிட்டுப் போனவர் வேறென்ன செய்வார்! அக்கா பிள்ளைகள் அவரை "டியா பெக்கு" என்பார்களாம். கொஞ்சம் வித்தியாசமான சித்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

போபாலில் ஒரு கிளை

மைக்கேலின் கதை மிச்சமிருக்கிறது. பீட்டருக்கும் பிலிப்புக்கும் சித்தப்பா மகன். அவரும் 1965இல் அரச ரத்தமில்லாத பெண்ணை மணந்து வாரிசுரிமையை விட்டவர், பிறகு எழுத்தாளர். 2007இல் அவர் எழுதிய நாவல் போபாலைப் பற்றியது. அக்பர் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரனின் வழியில், போபாலில் பூர்போன் என்ற பெயரோடு ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருக்கிறது. முன்னோர் போபால் பேகம்களின் அவையில் உயர்ந்த பதவிகளில் இருந்தவர்கள். பிரெஞ்சுப் புரட்சியில் தலை போன பதினாறாம் லூயியின் வம்சத்துக்கு இவர்களே மூத்த கிளையாக இருக்கக்கூடும் என்றார் மைக்கேல். வரலாற்றாசிரியர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். உலகப் பத்திரிகைகள் மட்டும் போபாலுக்குப் படையெடுத்து, வழக்கறிஞர் தொழில் செய்த குடும்பத் தலைவரைப் படம்பிடித்தன. கல்யாணில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போபால். பூர்போன்களுக்கு சர்நேம் கட்டத்தில் எழுத உலகத்திலேயே பெரிய பெயர் இருக்கிறது. நாடுதான் இல்லை.

கிரேக்கக் குடும்பத்துக்கு வருவோம். சொத்துக்காக அவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய், 2002இல் கான்ஸ்டன்டைனுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் யூரோ, ஐரீனுக்கு ஒன்பது லட்சம் என்று நஷ்டஈடு வாங்கினார்கள். கிரேக்க அரசு அந்தப் பணத்தை இயற்கைப் பேரிடர் நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. குசும்பு என்றால் அது குசும்பு! வயதான காலத்தில் கான்ஸ்டன்டைன் ஏதென்ஸுக்கே குடிவந்து 2023 ஜனவரியில் இறந்தார். சாதாரணக் குடிமகனாகத்தான் அடக்கம். அரசு மரியாதை கிடையாது.

அவர் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பார்த்தால் நம் ஐரோலி ஐ.டி. பார்க்கில் வேலை செய்பவர்களுக்கு அந்நியமாக இருக்காது. மூத்த மகன் பாவ்லோஸ் அமெரிக்காவில் படித்து முதலீட்டுத் தொழிலில் காலூன்றியவர். நிக்கோலாஸ் புகைப்படக் கலைஞர், கண்காட்சி வைக்கிறார். இளையவர் ஃபிலிப்போஸ் லண்டனில் பிறந்து நியூயார்க்கில் நிதித்துறையில் வேலைக்குப் போனவர். அழைப்பிதழ்களில் இளவரசர், ஆபீஸில் வேறு எவரையும்போல ஒருவர்.

2024 டிசம்பரில் அந்தக் குடும்பத்தினர் கிரேக்க அதிகாரி முன்னால் போய்க் குடியரசை ஏற்பதாக உறுதிமொழி கொடுத்தார்கள். முப்பது ஆண்டாகக் காலியாக விட்ட கட்டத்தையும் நிரப்பினார்கள். எழுதியது "தெ கிரேஸ்". பிரெஞ்சில், கிரீஸைச் சேர்ந்தவர். இது பெயரா, பின்வாசல் வழியாக வந்த பட்டமா என்று இடதுசாரிகள் சத்தம் போட்டார்கள். எனக்கென்னவோ அதில் தப்பு தெரியவில்லை. திருநெல்வேலிக்காரன் தன் பெயருக்கு முன்னால் ஊரெழுத்தைப் போட்டுக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

கடையில் பையன் பிரின்ட் எடுத்து நீட்டினான். சரிபார்க்க என் பாஸ்போர்ட் நகலையும் பக்கத்தில் வைத்திருந்தான். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான். அப்பாவின் சர்நேம் ராமசாமி. மகனின் சர்நேம் என் பெயர்.

"காக்கா, துமச்ச வேகள, த்யாச்ச வேகள?" என்றான். உங்களுடையது வேறு, அவனுடையது வேறா?

"ஆமாம்ப்பா, நாளைக்கு அவனுக்குப் பிள்ளை பிறந்தா அதுக்கு இன்னொண்ணு" என்றேன், தமிழிலேயே. மகன் மராத்தியில் சொல்லிப் புரியவைத்தான். பையன் சிரித்துக்கொண்டே நாற்பது ரூபாய் என்றான்.